எட்டாம் எண் ஊசி எது?
பின்னல் ஊசியைத் தேர்ந்தெடுக்கும் முறை

மரம் சீவும் தொழிலாளர்க்கு ஒரு மில்லிமீட்டரின் மதிப்பை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உளியின் ஆழம் குறைந்தால் பால் குறைகிறது. ஆழம் மிகுந்தால் பட்டைக்கும் மரத்திற்கும் இடையே உள்ள மெல்லிய வளர்படை காயப்படுகிறது. பின்னர் அவ்விடத்தில் புதுப்பட்டை மேடும் முடிச்சுமாக வளர்கிறது. வளர்படைக்கு வெளியே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுச் சீவும் கையையே நல்ல கை என்று போற்றுகிறோம். அந்த நுட்பத்தை அளவுகோல் இன்றியே, பழக்கத்தினால் அறிந்திருக்கிறார்கள் நம் தாய்மார்கள்.

அதே கைகள் ஓய்வு நேரத்தில் பின்னல் ஊசியை எடுக்கும்போதும் ஒரு மில்லிமீட்டர் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. ஆனால் இங்கே பலர் அதனைக் கவனிப்பதில்லை. கடைக்குச் சென்று அழகான நூலை வாங்குகிறார்கள். கையில் கிடைத்த ஊசியைக் கொண்டு பின்னத் தொடங்குகிறார்கள். பல நாள் உழைப்பிற்குப் பிறகு, அணிய வேண்டியவருக்கு அது பொருந்தாதபோது, தமக்குக் கைத்திறன் இல்லை என்று மனம் சோர்ந்து ஊசியை மூலையில் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை கைத்திறனில் இல்லை. ஊசியின் அளவில்தான் இருக்கிறது. சரியான ஊசியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு பாட்டியின் தொப்பி

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். தோட்டத்தில் வாழும் தாய் ஒருவரின் மகள் மணமாகிச் சுபாங் ஜெயாவில் குடியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவ்வூர் நமக்கு அந்நியமானதன்று. இன்று அடுக்குமாடி வீடுகளும், பேரங்காடிகளும், கல்லூரிகளும் நிறைந்து விளங்கும் அந்நகரின் பெரும்பகுதி, ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டமாக இருந்த நிலம். 1970-களில் அங்கே வீடமைப்புத் திட்டம் தொடங்கியது. 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் சுபாங் ஜெயா மாநகர் என்னும் தகுதியைப் பெற்றது. தோட்டம் மறைந்தபோதிலும், தோட்டத்திலிருந்து சென்ற குடும்பங்களும் அவர்களின் உறவுகளும் அங்கே உண்டு.

மகளுக்கு இது தலைப்பிரசவம். பேரக் குழந்தைக்குத் தம் கையால் ஒரு தொப்பி பின்னிக் கொண்டுபோக வேண்டும் என்பது பாட்டியின் ஆசை. நமது வெப்ப நாட்டில் பின்னல் தொப்பி எதற்கு என்று சிலர் கேட்கலாம். பிறந்த குழந்தையின் தலை, அதன் உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆகும். ஈரத்துடன் பிறக்கும் குழந்தை, குளிரூட்டப்பட்ட அறையில் தலைவழியே வெப்பத்தை விரைவாக இழக்கிறது. எனவேதான் பிறந்தவுடன் குழந்தையின் தலையை மூடும் வழக்கம் மருத்துவமனைகளில் உள்ளது. ஆகவே பாட்டியின் ஆசை பொருளற்றதன்று. ஆனால் தொப்பி பொருந்துவதாக இருக்க வேண்டும்.

பாட்டியிடம் ஒரு பழைய பின்னல் புத்தகம் இருக்கிறது. அதில் "8-ஆம் எண் ஊசி" என்று குறிப்பிடப்பட்டுள்ளது. அவர் கடைக்குச் சென்று 8-ஆம் எண் ஊசியைக் கேட்டு வாங்குகிறார். இங்கேதான் தவறு தொடங்குகிறது.

மூன்று நாட்டின் மூன்று எட்டு

பின்னல் ஊசிகளுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் எண் முறை கிடையாது. பழைய ஆங்கில முறையில் 8-ஆம் எண் ஊசியின் கனம் 4 மில்லிமீட்டர். அமெரிக்க முறையில் 8-ஆம் எண் என்பது 5 மில்லிமீட்டர். ஜப்பானிய முறையில் அதே 8-ஆம் எண் 4.5 மில்லிமீட்டர். மூன்றும் நமது நாட்டின் கடைகளில் கிடைக்கக்கூடியவை. மூன்றிலும் பொறித்திருக்கும் எண் ஒன்றே. ஊசிகளோ வேறு வேறு.

பழைய ஆங்கில எண்ணில் மற்றொரு விந்தையும் உண்டு. எண் பெருகப் பெருக ஊசி மெலிந்துகொண்டே போகும். 14-ஆம் எண் 2 மில்லிமீட்டர். 10-ஆம் எண் 3.25 மில்லிமீட்டர், 6-ஆம் எண் 5 மில்லிமீட்டர், 4-ஆம் எண் 6 மில்லிமீட்டர். இது ஏன் என்பது வேலி கட்டும் தொழிலாளர்க்கு எளிதில் விளங்கும். கம்பி வாங்கும்போது கேஜ் எண் கூடினால் கம்பி மெல்லியதாகும் அல்லவா? ஆங்கில ஊசி எண்ணும் அந்தக் கம்பி அளவு முறையைத் தழுவியதே. 8-ஆம் கேஜ் கம்பியின் கனமும் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்தான்.

அமெரிக்க முறையும் ஜப்பானிய முறையும் இதற்கு நேர் எதிரானவை. அவற்றில் எண் கூடினால் ஊசி பருமனாகும். அமெரிக்க 6-ஆம் எண் 4 மில்லிமீட்டர். 10-ஆம் எண் 6 மில்லிமீட்டர். ஆகவே எந்த நாட்டு எண் என்று அறியாமல் ஊசி வாங்குவது, சட்டி எதுவென்று பாராமல் மூடி வாங்குவதற்கு ஒப்பாகும்.

இந்தக் குழப்பத்திற்கு மருந்து ஒன்றே. ஊசியை எண்ணால் கேட்காமல், மில்லிமீட்டரால் கேட்க வேண்டும். இப்போது விற்கப்படும் பெரும்பாலான ஊசிகளில், குமிழிலோ உறையிலோ மில்லிமீட்டர் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். கடைக்காரரிடம் மலாய் மொழியில் கேட்போர்க்கு இன்னொரு குறிப்பு: "ஜாரும் காயிட்" என்று கேட்டால், முனையில் கொக்கியுள்ள ஒற்றை ஊசியை எடுத்துக் கொடுக்கக்கூடும். அது குரோஷே வேலைக்கு உரியது. நாம் இங்கே பேசுவது இரண்டு ஊசிகளைக் கொண்டு பின்னும் பின்னலைப் பற்றியது. ஆதலால் இரண்டு ஊசி என்பதைக் கையால் காட்டிக் கேட்பது நல்லது.

ஒரு மில்லிமீட்டர் செய்யும் வேலை

பாட்டியின் தொப்பிக்குத் திரும்புவோம். பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு பொதுவாக ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். பின்னல் துணி நெகிழும் தன்மையுடையது. ஆகவே தொப்பி தலையைவிடச் சற்றுச் சிறியதாக, 32 சென்டிமீட்டர் சுற்றளவு உடையதாக இருந்தால் பற்றி நிற்கும்.

நடுத்தரக் கனமுள்ள நூலை 4 மில்லிமீட்டர் ஊசியால் பின்னினால், 10 சென்டிமீட்டர் அகலத்தில் 22 கண்ணிகள் அமைவது வழக்கம். அப்படியாயின் ஒரு சென்டிமீட்டருக்கு 2.2 கண்ணி. 32 சென்டிமீட்டருக்கு 70 கண்ணிகள் வேண்டும். பழைய புத்தகமும் 70 கண்ணி என்றே சொல்கிறது என்று கொள்வோம்.

பாட்டி அறியாமல் வாங்கியது அமெரிக்க 8-ஆம் எண், அதாவது 5 மில்லிமீட்டர் ஊசி. ஊசி பருத்ததால் கண்ணிகள் பெரிதாகின்றன. இப்போது 10 சென்டிமீட்டரில் 18 கண்ணிகளே அமைகின்றன என்று வைத்துக்கொண்டால், அதே 70 கண்ணிகள் ஏறத்தாழ 39 சென்டிமீட்டர் சுற்றளவைத் தருகின்றன. தொப்பி குழந்தையின் தலையில் நில்லாது. கண்ணையும் மூக்கையும் மூடிக் கீழே இறங்கும். மாறாக, 3.25 மில்லிமீட்டர் ஊசியால் இறுக்கமாகப் பின்னி 10 சென்டிமீட்டரில் 26 கண்ணிகள் அமைந்துவிட்டால், சுற்றளவு 27 சென்டிமீட்டராகச் சுருங்கும். தொப்பி நெற்றியை அழுத்தித் தழும்பு உண்டாக்கும். அல்லது தலையில் ஏறவே ஏறாது.

நூல் ஒன்றே. கண்ணி எண்ணிக்கையும் ஒன்றே. பின்னிய கையும் ஒன்றே. ஊசியின் கனம் மட்டும் மாறியதால் ஒரு தொப்பி 27 சென்டிமீட்டராகவும், மற்றொன்று 39 சென்டிமீட்டராகவும் ஆகிவிடுகிறது. கூலிப் பணத்தில் வாங்கிய நூலும், உறக்கத்தைக் குறைத்துச் செய்த உழைப்பும் வீணாகின்றன.

நூலே ஊசியைத் தீர்மானிக்கிறது

ஆகவே முதலில் நூலைத் தேர்ந்தெடுத்து, பிறகே ஊசியை வாங்க வேண்டும். நூல் உருண்டையைச் சுற்றியுள்ள தாள் பட்டையைக் கிழித்து எறிந்துவிடக் கூடாது. அதில் இரண்டு ஊசிகள் குறுக்காக வரையப்பட்ட சிறு படம் இருக்கும். அதனருகே உள்ள மில்லிமீட்டர் எண்ணே அந்நூலுக்கு ஏற்ற ஊசியின் அளவு. பக்கத்தில் ஒரு சதுரம் வரைந்து, 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்பதையும் குறித்திருப்பார்கள்.

பட்டை இல்லாத நூலாயின், பொதுவான வழி ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். குழந்தைத் துணிகளுக்கான மெல்லிய நூலுக்கு 2.75 முதல் 3.25 மில்லிமீட்டர் வரை. நடுத்தர நூலுக்கு 4 மில்லிமீட்டர். சற்றுக் கனத்த நூலுக்கு 5 மில்லிமீட்டர். மிகக் கனத்த நூலுக்கு 6 மில்லிமீட்டரும் அதற்கு மேலும். மெல்லிய நூலைப் பருத்த ஊசியில் பின்னினால் துணி வலைபோல் தொளதொளக்கும். கனத்த நூலை மெல்லிய ஊசியில் பின்னினால் துணி அட்டைபோல் விறைக்கும், விரல்களும் நோகும்.

நமது தட்பவெப்பத்திற்குப் பருத்தி நூல் ஏற்றது. அது வியர்வையை உறிஞ்சும், துவைப்பதற்கு எளிது. அக்ரிலிக் நூல் விலை குறைவு, விரைவில் உலரும், ஆயினும் வெப்பத்தை உள்ளே நிறுத்தும். கம்பளி நூல் கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடங்களில் வாழ்வோர்க்குப் பயன்படும்.

சோதனைத் துண்டு

பட்டையில் உள்ள அளவு ஒரு வழிகாட்டியே; முடிவான கட்டளை அன்று. ஏனெனில் ஒருவர் நூலை இறுக்கிப் பிடிப்பார். மற்றொருவர் தளர்த்திப் பிடிப்பார். ஒரே உளியைக் கொண்டு இருவர் சீவினாலும் வெட்டு ஒன்றுபோல் இராதது போலவே இதுவும். எனவே தொப்பியைத் தொடங்குமுன் ஒரு சிறு சோதனைத் துண்டைப் பின்னிப் பார்ப்பது இன்றியமையாதது.

பட்டையில் 22 கண்ணி என்று இருந்தால், ஊசியில் 30 கண்ணிகள் ஏற்ற வேண்டும். ஓரக் கண்ணிகள் கோணலாக இருக்குமாதலால், அளப்பதற்கு அவை உதவா. துண்டு ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பின்னி முடிக்க வேண்டும். பிறகு, உடையை எவ்வாறு துவைப்போமோ அவ்வாறே அதனையும் துவைத்து, பிழிந்து முறுக்காமல், தட்டையாக விரித்து உலர்த்த வேண்டும். பருத்தி நூல் துவைத்தபின் அளவு மாறக்கூடும். துவைக்காத துண்டை அளப்பதில் பயனில்லை.

உலர்ந்த துண்டின் நடுவில் அளவுகோலை வைத்து, 10 சென்டிமீட்டருக்கு இரு குண்டூசிகளைக் குத்தி, இடையிலுள்ள கண்ணிகளை எண்ண வேண்டும். அரைக் கண்ணியையும் விட்டுவிடாமல் எண்ண வேண்டும். 22 இருந்தால் ஊசி சரியானது. 22-க்கு மேல் இருந்தால் கண்ணிகள் சிறியவை என்று பொருள். சற்றுப் பருத்த ஊசிக்கு மாற வேண்டும். 22-க்குக் குறைந்தால் சற்று மெல்லிய ஊசிக்கு மாற வேண்டும். ஊசியை மாற்றாமல், கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்ய முயல்வது பயன் தராது. சிறிது நேரத்தில் கை தன் இயல்பான பழக்கத்திற்குத் திரும்பிவிடும்.

ஒரு மாலைப் பொழுது சோதனைத் துண்டிற்குச் செலவாகிறதே என்று கருத வேண்டாம். பல நாள் உழைப்பைக் காக்கும் மாலை அது. துண்டைப் பிரித்து அந்த நூலை மீண்டும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆதலால் நூலும் வீணாவதில்லை.

ஊசியின் வகையும் நீளமும்

கனத்தைப் போலவே வகையும் முக்கியமானது. ஒரு முனையில் குமிழுள்ள நீண்ட ஊசி இணை, தட்டையான துணிகளைப் பின்னுவதற்கு ஏற்றது. துண்டு, கழுத்துத் துணி, சட்டையின் பகுதிகள் ஆகியவற்றை இதில் பின்னலாம். இரு முனையும் கூர்மையான குட்டை ஊசிகள் நான்கு அல்லது ஐந்து கொண்ட தொகுதியாக விற்கப்படுகின்றன. தையல் இல்லாமல் வட்டமாகப் பின்னும் காலுறை, சிறு தொப்பி ஆகியவற்றிற்கு இவை பயன்படும். மூன்றாவது, இரு குட்டை ஊசிகளை மெல்லிய வடம் ஒன்று இணைக்கும் வட்ட ஊசி.

வட்ட ஊசியை வாங்குவோர் அதன் நீளத்தையும் பார்க்க வேண்டும். வட்டமாகப் பின்னும்போது ஊசியின் முழு நீளம், பின்னும் பொருளின் சுற்றளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 40 சென்டிமீட்டர் வட்ட ஊசியில் பெரியவர்களின் தொப்பியைப் பின்னலாம். ஆனால் நம் பாட்டியின் 32 சென்டிமீட்டர் தொப்பிக்கு அது நீளம் அதிகம். கண்ணிகள் இழுபட்டு வட்டம் கூடாது. அவருக்கு இருமுனை ஊசித் தொகுதியே ஏற்றது. அது பழக்கம் இல்லையெனில், சாதாரண ஊசி இணையில் தட்டையாகப் பின்னி, தையலுக்கென 2 கண்ணிகள் கூட்டி, ஓரங்களைச் சேர்த்துத் தைத்துவிடலாம். அதிலும் குறையொன்றும் இல்லை.

மூங்கிலா, உலோகமா?

பகலெல்லாம் வாளி சுமந்த கைகளுக்கு ஊசியின் பொருளும் கவனிக்கத்தக்கது. அலுமினிய ஊசி வழுவழுப்பானது. பழகிய கைக்கு வேகம் தரும். புதியவரின் கையிலோ கண்ணிகள் நழுவும். மூங்கில் ஊசி இலேசானது. நூலைச் சிறிது பற்றிக்கொள்ளும். கற்கத் தொடங்குவோர்க்கும், வியர்க்கும் கையுடையோர்க்கும் மூங்கிலே நல்லது. வாங்குமுன் முனையை விரலால் தடவிப் பார்த்து, சிலும்பு இருந்தால் தவிர்க்க வேண்டும். பிளாஸ்டிக் ஊசி இலேசானது. பருத்த அளவுகளில் பயன்படும். மெல்லிய அளவுகளில் வளையக்கூடும். கனத்த பின்னல் வேலை மணிக்கட்டை நோகச் செய்தால் வட்ட ஊசியைப் பயன்படுத்தலாம். துணியின் பாரம் கையை விட்டு மடியில் தங்கும்.

கற்றுப் பழகுவதற்கு உடனே பணம் செலவிட வேண்டும் என்பதில்லை. சாத்தே குச்சிகளில் நேரானவற்றைத் தேர்ந்து, மெல்லிய உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, மிகக் கூரிய முனையைச் சற்று மழுக்கி, மெழுகுவர்த்தியால் தடவினால் சிறு துண்டுகளைப் பின்னிப் பழகலாம்.

எண் அழிந்த பழைய ஊசியின் அளவை அறியவும் எளிய வழி உண்டு. துளையிடும் கருவியின் அலகுகள் மில்லிமீட்டர் அளவில் விற்கப்படுகின்றன. ஒரு பலகைத் துண்டில் 3, 3.5, 4, 4.5, 5 மில்லிமீட்டர் துளைகளை இட்டு, பக்கத்தில் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளலாம். ஊசி எந்தத் துளையில் ஆட்டமின்றி நுழைகிறதோ அதுவே அதன் அளவு. தோட்டத்தில் பின்னும் பெண்கள் பலர் இருந்தால் ஒரு பலகையே எல்லார்க்கும் போதும்.

பின்னலை இடையில் நிறுத்தி வைக்கும்போது ஊசி முனைகளில் ரப்பர் வளையத்தைச் சுற்றி வைத்தால் கண்ணிகள் நழுவா. குழந்தைகளின் கையையும் குத்தா. நமது உழைப்பில் விளைந்த ரப்பர் நமது ஓய்வு நேரத்திற்கும் துணை நிற்கும்.

குழந்தையின் நலம்

தொப்பியைக் கொண்டுசெல்லும் பாட்டிக்கு இன்னும் சில சொற்கள். குழந்தையின் தொப்பியில் கழுத்தில் கட்டும் நாடாவும், பிய்ந்து வரக்கூடிய பொத்தானும் வேண்டாம். வீட்டிற்கு வந்தபின், நமது வெப்பத்தில் உறங்கும் குழந்தைக்குத் தொப்பி அணிவிக்கக் கூடாது. உடல் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். எப்போது அணிவிக்கலாம் என்பதைத் தாதியிடம் கேட்டு நடப்பதே முறை.

முடிவாக, மறவாதிருக்க வேண்டியவை மூன்று. ஊசியை எண்ணால் கேளாமல் மில்லிமீட்டரால் கேட்போம். முதலில் நூலை வாங்கி, அதன் பட்டையைப் பார்த்து ஊசியை வாங்குவோம். சோதனைத் துண்டைப் பின்னித் துவைத்து அளந்த பிறகே வேலையைத் தொடங்குவோம். இம்மூன்றையும் கைக்கொண்டால், சுபாங் ஜெயாவில் பிறக்கும் பேரக் குழந்தையின் தலையில் பாட்டி பின்னிய தொப்பி கண்ணை மறைக்காமலும் நெற்றியை இறுக்காமலும் அழகாக அமரும். மரத்தில் காயம் படாமல் பால் எடுக்கத் தெரிந்த கைகளுக்கு இது அரிய செயல் அன்று.